கோயில் காட்டை யார் கையில் கொடுப்பது?

எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டில் ஒரு பாலை மரம் விழுந்து கிடக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் சாய்த்த மரம். உலக்கை கடைகிற பாலை, அதனால் உலக்கைப் பாலை என்றே அதற்குப் பெயர். இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். புயல் அடித்துப் பத்து நாள் இருக்கும், ஒரு மர வியாபாரி வந்து பார்த்தார். ஊரில் எல்லோருடைய மாவும் தென்னையும் வந்த விலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். கோடாலிக் காம்பால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல விலைதான் சொன்னார். பூசாரிப் பெரியப்பா மசியவில்லை. "ஐயனார் காட்டுலேர்ந்து ஒரு சுள்ளி வெளியில போனதில்ல தம்பி. கெடக்கிற மரத்த இன்னைக்கு வித்தா நாளைக்கு நிக்கிற மரத்துக்கு வெல பேசுவானுவ" என்றார். மரம் அங்கேயே கிடந்துவிட்டது.

இப்போது ஊரில் வேறு பேச்சு. சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் ஒருவர் காட்டைச் சுற்றி மதில் கட்டித் தருகிறேன் என்கிறார். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சிலர். பாரம்பரியத் தலமாக அறிவிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்கிறார் பள்ளிக்கூட வாத்தியார். இளவட்டங்களுக்கு மியாவாக்கி என்னும் அடர்நடவு முறையில் மரம் நட ஆசை. எதுவும் வேண்டாம், இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்பது பெரியப்பா கட்சி. ஊர்க்கூட்டத்தில் "நீதான் நாலையும் படிக்கிறவன், எது தேவலைன்னு எழுதிக் கொண்டா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெல்டாவில் இப்படிக் காடு வைத்துக்கொண்டு முழிக்கிற ஊர் எங்கள் ஊர் மட்டும் இல்லை.

முதலில், இது எப்படிப்பட்ட காடு? வேதாரண்யத்துக்கு வடமேற்கே, மணல் கொல்லைகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே ஒன்றரை வேலி. ஏக்கரில் சொன்னால் பத்து. பாலை, வீரை, குருந்து, நாவல், ஓரத்தில் இரண்டு இலுப்பை. கீழே காரையும் சூரையும். மேலே பிரண்டையும் பேர் தெரியாத பத்துக் கொடியும். பழங்காடு என்றால் அண்ணாந்து பார்க்கிற மரங்கள் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டில் 115 மீட்டரைத் தாண்டிய மரம் நிற்கிறது, உண்மைதான். எங்கள் காட்டில் முப்பது அடியைத் தாண்டியவற்றை விரல் விட்டு எண்ணலாம். கடல்காற்று தாண்ட விடாது. ஆனால் காட்டின் வயசை உயரத்தில் பார்க்கக் கூடாது. கிழடும் குமரும் கன்றும் கலந்து நிற்கிறதா, செத்த மரம் கிடந்து மக்குகிறதா, யாரும் நடாமல் தானே முளைக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். அந்தக் கணக்கில் அதுவும் இதுவும் ஒரே சாதி. இரண்டுமே மிச்சம் மீதிதான். வெட்டப்படாத பழைய ரெட்வுட் காட்டில் இன்றைக்கு இருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு. சோழமண்டலக் கடற்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு கோடியக்கரை போன்ற ஓரிரண்டு இடம் போக, பெரும்பாலும் இப்படிக் கோயில்களைச் சுற்றித்தான் துண்டு துண்டாகத் தப்பியிருக்கிறது.

சரி, காடு யாருடையது என்று பதிவேட்டைப் பார்க்கப் போனேன். 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருந்தது, அதாவது வரி போடாத அரசு நிலம். ஐயனாரும் இல்லை, காடும் இல்லை. உங்கள் ஊரிலும் மற்றதை எல்லாம் பேசுவதற்கு முன்னால் கிராமக் கணக்கில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள். தரிசு என்று எழுதியிருக்கிற இடம் நாளைக்குச் சமுதாயக்கூடத்துக்கோ மின்வாரியத்துக்கோ ஒதுக்கப்பட ஒரு கையெழுத்துப் போதும்.

ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் உரசிப் பார்த்தேன். அந்த வழியில் போனால் விழுந்து கிடக்கிற பாலை மரம் என்ன ஆகும்? நிற்கிற மரத்தைக் காப்போம் என்று சொல்லாத ஆள் கிடையாது. விழுந்ததும்தான் ஆளுக்கொரு கணக்கு வெளியே வரும்.

பெரியப்பா வழியிலிருந்து தொடங்குகிறேன். இருந்தபடியே விடுவது. இதைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்க முடியாது. இத்தனை காலம் காட்டைக் காத்தது இதுதான், வேறு எந்தச் சட்டமும் இல்லை. காட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். நியூசிலாந்தில் கௌரி என்று ஒரு மரம், ஆயிரம் வருடம் தாண்டி நிற்பது. அதன் வேரை அழுகச் செய்கிற கிருமி ஒன்று, வருகிறவர்களின் செருப்பில் ஒட்டிய மண்ணோடு பரவுகிறது. அதனால் காட்டு வாசலில் செருப்பைத் தேய்த்துக் கழுவ இடம் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆக்லாந்து பக்கத்து வைட்டாகெரே மலைக்காட்டில் 2017 டிசம்பரில் அந்த இடத்து மாவோரிக் குடியினர், உள்ளே யாரும் வரக் கூடாது என்று தங்கள் முறைப்படி 'ராஹுயி' என்னும் தடை போட்டார்கள். மாநகராட்சி அதன் பிறகுதான், 2018இல், பாதைகளை மூடியது. சாமி குத்தம் முன்னால் போக, சட்டம் பின்னால் போயிருக்கிறது.

ஆனால் எங்கள் ஊரில் சாமி குத்தத்துக்கு வலு குறைந்து வருகிறது. பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு. அவர் மகன் திருப்பூரில். ஆடுகளுக்கு சாமி பயம் எப்போதும் இருந்ததில்லை. பாலை விழுந்த இடத்தில் வெயில் இறங்கியது. நல்லதுதான், காட்டில் அப்படி ஒரு பொத்தல் விழுந்தால்தான் கன்றுகள் எழும். ஆனால் ஆட்டுப் புழுக்கையோடு சீமைக் கருவேல விதையும் உள்ளே வந்துவிட்டது. மூன்றாம் வருடமே அங்கே இடுப்பு உயரத்துக்கு முள். பிடுங்கலாமா என்று பெரியப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "அது ஐயனார் வெச்சதில்ல. புடுங்கு" என்றார். ஐப்பசி மழையில் மண் இளகியிருந்தபோது வேரோடு பிடுங்கினோம். ஆகவே 'இருந்தபடியே விடுவது' என்பதும் சும்மா இருப்பது அல்ல. வருடா வருடம் யாராவது குனிந்து பிடுங்கவேண்டும்.

இந்த வழியின் பெரிய ஓட்டை ஆடு கூட இல்லை, கோயில்தான். வெட்டவெளியில் மழை வெயிலில் நின்ற ஐயனாருக்குக் கூரை, கூரைக்குப் பிறகு மண்டபம், மண்டபத்துக்கு டைல்ஸ், கும்பாபிஷேகத்துக்கு வருகிற காருக்கு நிறுத்த இடம். பக்கத்து ஊர்களில் நான் பார்த்த வரை பக்தி குறைந்து போன காடு ஒன்று, காசு சேர்ந்து போன காடு இரண்டு.

காசு என்றதும் அத்தானின் மதிலுக்கு வருகிறேன். மதிலுக்கு உலகத்தில் நல்ல உதாரணமே இருக்கிறது. எத்தியோப்பியாவின் வடக்கு மேட்டுநிலத்தில் சுற்றுப்புறமெல்லாம் உழவுநிலமாகிவிட, பழைய காடு ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றி மட்டும் வட்ட வட்டமாக நிற்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் காய்ந்த கம்பளத்தில் பச்சைப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அங்கேயும் மாடுகள் உள்ளே புகுந்து கன்றுகளைத் தின்றன. அலெமாயெஹு வாஸ்ஸி என்ற அந்த நாட்டு ஆய்வாளரும் அமெரிக்கரான மார்கரெட் லோமனும் குருமார்களோடு உட்கார்ந்து பேச, ஊரார் தங்கள் வயலில் கிடந்த கற்களைப் பொறுக்கி வந்து காட்டைச் சுற்றி அடுக்கினார்கள். வயலும் சுத்தமானது, காட்டுக்கும் வேலி கிடைத்தது. சிமெண்ட் இல்லை, குத்தகைக்காரர் இல்லை.

நம் டெல்டாவில் கல்லுக்கு எங்கே போவது? அம்மிக்கல் வேண்டுமென்றாலே வெளியூரிலிருந்து வண்டி ஏறி வரவேண்டிய மண் இது. அத்தான் சொல்கிற மதில் ஹாலோ பிளாக் மதில். காடு கிட்டத்தட்ட சதுரம், சுற்றளவு எண்ணூறு மீட்டர். மேஸ்திரி சொன்ன தொகையில் இரண்டு கல்யாணம் முடிக்கலாம். அதுகூடப் பரவாயில்லை, கொடுக்கிறவர் கொடுக்கிறார். அஸ்திவாரம் தோண்டினால் ஓரத்து மரங்களின் வேர் எல்லாம் அறுபடும். தட்டைப் பூமி இது. கார்த்திகை மழைத் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் வராது. நரியும் உடும்பும் கீரியும் ராத்திரியில் வரப்போடு வந்து போகிற பாதை அடைபடும். மதிலுக்குள் இருக்கிற இடம் பத்திரமான இடம் என்று ஊருக்குத் தோன்றிவிட்டால் அடுத்தது அங்கே கல்யாண மண்டபம்தான்.

ஆட்டைத் தடுக்கக் கிளுவை போதும். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை நெருக்கி நட்டு, இடையில் முள்ளை அடைத்து, வாசலுக்கு ஒரு படல் கட்டினால் ஆடு நிற்கும், கீரி நுழையும். எங்கள் தாத்தா காலத்தில் கொல்லைக்கெல்லாம் இதுதான் வேலி. அத்தானிடம் போனில் சொன்னேன். "படல்ல எப்படிய்யா பேர் வெட்டறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வனத்துறை வழியை நான் முதலில் நினைத்ததைவிட அதிக நேரம் யோசித்தேன். அரசாங்கம் கையில் போனால் வேறொரு கை பிடுங்க முடியாது என்பது அதன் பெரிய பலம். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் வில்லியம் கென்ட் என்பவர் வைத்திருந்த ரெட்வுட் பள்ளத்தாக்கில் அணை கட்ட ஒரு தண்ணீர் கம்பெனி வழக்குப் போட்டது. அவர் 295 ஏக்கரை மத்திய அரசுக்கே தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். 1908 ஜனவரியில் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்க, கம்பெனியால் அதற்கு மேல் அசைக்க முடியவில்லை. இன்றைய மியூர் உட்ஸ் அதுதான். நம் பக்கத்திலும் கோடியக்கரை 1967இல் சரணாலயம் ஆகாமல் இருந்திருந்தால், வெளிமானும் பாலைக் காடும் உப்பளத்துக்கும் இறால் பண்ணைக்கும் நடுவே தாக்குப்பிடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சரணாலயம் என்ற பலகை சீமைக் கருவேலத்துக்குப் படிக்கத் தெரியாது. அங்கேயும் அது பரவித்தான் கிடக்கிறது.

சின்ன இடம் என்று வனத்துறை தள்ளிவிடுமோ என்று யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூரில் தாமிரபரணிக் கரைக் கோயில் மருத மரங்களில் அடையும் பறவைகளுக்காக மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடத்தை 2005இல் காப்பகமாக அறிவித்தார்கள்.

இப்போது பாலை மரத்தை வைத்து உரசுவோம். போலந்துக்கும் பெலாரஸுக்கும் நடுவே பியாவோவியெஜா என்று ஒரு காடு. ஐரோப்பாவின் சமவெளிப் பழங்காட்டில் பெரிய மிச்சம். போலந்துப் பக்கத்தில் அதன் ஆறில் ஒரு பங்குதான் தேசியப் பூங்கா. மற்றதில் பெரும்பகுதி அரசு மரம் வெட்டுகிற துறையின் கையில். பூங்காவுக்குள் விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடந்து பாசி பிடிக்கும், காளான் பூக்கும், அந்த உளுத்த கட்டைமேல் அடுத்த மரம் முளைக்கும். பூங்கா எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மரம் விழுந்தால் கட்டை, கன அடிக் கணக்கு. 2016இல் பட்டை வண்டு வந்துவிட்டது, செத்த மரத்தை அப்புறப்படுத்தவேண்டும் என்று சொல்லி வெட்டுகிற அளவை மூன்று மடங்காக்கினார்கள். ஊர் உலகமெல்லாம் சண்டை போட்டு, 2018 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொன்ன பிறகுதான் முடிவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் அரசாங்கம்தான், காடும் ஒன்றுதான். மரம் பிழைத்ததும் போனதும் எந்த அலுவலகத்தின் எந்த விதி என்பதைப் பொறுத்தது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். ஆடிப் பொங்கலுக்கு ஐயனார் முன்னால் அடுப்பு வைப்பதை உரிமையாக எழுதி வாங்காமல் காட்டைக் கொடுத்தால், அடுத்த வருடம் பெரியப்பா மேலேயே வழக்கு வரலாம். ஊருக்கும் காட்டுக்கும் உள்ள கயிற்றை அறுத்துவிட்டு ஒரு காவலரை வைத்துக் காப்பது பத்து ஏக்கருக்குக் கட்டுப்படி ஆகாது.

அறநிலையத் துறையிடம் கொடுக்கலாம் என்று ஒரே ஒருவர் சொன்னார். அங்கே மரம் கோயில் சொத்து, விழுந்தால் ஏலம் விட்டுக் கணக்கில் காட்டுவதுதான் முறை. அதிகாரி நேர்மையானவராக இருந்தால் பாலை மரம் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

மியாவாக்கி பற்றிப் பையன்களுக்குக் கோபம் வராமல் சொல்லவேண்டும். அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானியத் தாவர அறிஞர், தம் நாட்டில் மண்ணுக்குரிய மரங்கள் எங்கே மிஞ்சியிருக்கின்றன என்று தேடியபோது கோயில்களைச் சுற்றியிருந்த காடுகளில்தான் கண்டார். அவற்றைப் பார்த்துத்தான் அடர்நடவு முறையே வந்தது. கோயில் காட்டைப் பார்த்துப் பிறந்த முறையைக் கொண்டுவந்து கோயில் காட்டுக்குள்ளேயே நடுவது, பாட்டிக்குத் தாலாட்டுப் பாடுகிற கதை. விழுந்த பாலையை அகற்றி இடத்தைச் சமன் செய்து மூன்றடிக்கு உரம் போட்டால்தான் நட முடியும் என்று பையன்கள் போட்ட திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆசை இருந்தால் காட்டுக்கு வெளியே, பஞ்சாயத்து போர்வெல் பக்கத்தில் கிடக்கிற இருபது குழியில் செய்யட்டும். விதை இந்தக் காட்டிலிருந்தே எடுக்கட்டும். ஆரோவில்காரர்கள் சுற்றுவட்டாரக் கோயில் காடுகளில் விதை பொறுக்கித்தான் செம்மண் பொட்டலைத் திரும்பக் காடாக்கினார்கள்.

மிச்சம் இருப்பது வாத்தியார் சொன்ன வழி. 2002ஆம் வருடத்து உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022இல், சுமார் 193 ஹெக்டேர். அடுத்து 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரன் கோயில் காடு. அது 4.97 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டேகால் ஏக்கர். எங்கள் காட்டின் அளவுதான். அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஊர் வழக்கத்துக்கு மேலிருந்து தடை வராது. ஊராராகப் பார்த்து ஒத்துக்கொண்ட கட்டுப்பாடுதான் கட்டுப்பாடு என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. செருப்பு, பொங்கல், விழுந்த மரம் எல்லாவற்றையும் மேலாண்மைத் திட்டத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம். பிடிக்காதது, இதற்குப் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று வேண்டும். எங்கள் ஊராட்சியில் அப்படி ஒரு குழு ஏற்கெனவே இருக்கிறது. இருப்பது அதில் உறுப்பினராக இருக்கிற என் சித்தப்பாவுக்கே நான் சொல்லித்தான் தெரியும்.

பலகை மாட்டியாகிவிட்டது, இனித் தூங்கலாம் என்றும் இல்லை. தலமாக அறிவித்த இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. மேலூர் வட்டாரமே தெருவில் இறங்கியது, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. ஹைட்ரோகார்பனுக்கு எதிராக வயலில் உட்கார்ந்து, 2020இல் வேளாண் மண்டலச் சட்டத்தை வாங்கிய டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனாலும் கையில் ஓர் அரசாணை இருந்தால் போராட நிற்கிற இடம் கெட்டியாக இருக்கும். 'தீர்வை ஏற்படாத தரிசு' என்ற வரியை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

இதன் அண்ணன் தம்பி மாதிரி 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் சமுதாயக் காப்பகம் என்று ஒன்றும் உண்டு. ராஜஸ்தானின் 'ஓரண்' கோயில் காடுகளுக்கு அதைப் பரிசீலிக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. அதன் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். நில உபயோகத்தை மாற்றக் குழுத் தீர்மானமும் அரசு ஒப்புதலும் வேண்டும். ஆனால் தனியார் நிலத்துக்கும் சமுதாய நிலத்துக்கும்தான் அது. ஊர்ப் பெயரிலோ கோவில் பெயரிலோ பட்டா இருக்கிறவர்கள் இதை முதலில் பார்க்கலாம். எங்களுடையது பதிவேட்டில் அரசு நிலம், அதனால் நான் மேலே போகவில்லை.

ஆக நான் கூட்டத்தில் சொல்லப்போவது இது. பாரம்பரியத் தலத்துக்கு மனு. அதற்கு முன்னால் பதிவேட்டு வரியைத் திருத்த ஒரு மனு, ஏனென்றால் அது நடக்காமல் மற்றது நகராது. மதில் வேண்டாம், கிளுவை. அத்தான் பணத்தில் போத்தும் கூலியும் போக மிச்சத்தைக் கருவேலம் பிடுங்குகிற செலவுக்குப் பத்து வருடத்துக்கு வைப்பில் போட்டுவிடலாம், அவர் பெயரை அந்தக் கணக்குக்கே வைத்துவிடலாம். கோயிலுக்கு இப்போது இருக்கிற கூரைக்கு மேல் ஓர் அடி கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை வரும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 2 கிராம சபைக்கான தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் பெரியப்பாவிடம் போனேன். கிடக்கிற பாலை மேல் உட்கார்ந்திருந்தார். உளுத்த இடத்தில் ஒரு வீரைக் கன்று இரண்டு சாண் உயரத்துக்கு எழுந்திருந்தது. அதன்மேல் வேட்டி படாமல் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். படித்தேன். 'காட்டில் விழுந்த மரத்தையோ கிளையையோ இருந்த இடத்திலிருந்து யாரும் எடுக்கக் கூடாது' என்ற வரி வந்ததும் கையைக் காட்டினார்.

"ஆடிப் பொங்கலுக்கு அடுப்பு எதுல எரிக்கிறது? கேஸுலயா?"

பேனாவை எடுத்து, 'கோயில் அடுப்புக்கான காய்ந்த சுள்ளி நீங்கலாக' என்று இடையில் சேர்த்தேன்.

"இப்ப மொதல்லேர்ந்து படி" என்றார்.